கிண்ணத்துக்குள் எத்தனை பேர்?

கரைசலில் இருக்கும் மருந்தை மின்னோட்டத்தால் அளக்க, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையம் பூசிய மின்முனைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை எதைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே படம்தான். அடி சிறுத்து வாய் அகன்ற கிண்ணம், அதுதான் சைக்ளோடெக்ஸ்ட்ரின். அதற்குள் பாந்தமாக உட்கார்ந்திருக்கும் ஒரு மருந்து மூலக்கூறு. கீழே கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் தாளின் விரிப்பு, அதிலிருந்து கிளம்பும் ஓர் அம்புக்குறி, அம்பு போய்ச் சேரும் இடத்தில் ஊசி போல ஒரு மின்னோட்ட உச்சம். படத்துக்குக் கீழே ஒரு வாக்கியம்: பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினின் தேர்ந்து பிடிக்கும் திறனும் கிராஃபீனின் கடத்துதிறனும் கைகோத்ததால் இந்த உயர்வு கிடைத்தது. பாராசிட்டமால், டோபமைன், டைக்ளோஃபெனாக், ஏதோவொரு ஆன்டிபயாட்டிக் என்று மருந்தின் பெயர் மட்டும் மாறும். வாக்கியம் மாறாது.

இந்த வாக்கியம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பொய் என்று சொல்லவில்லை. பெரும்பாலான கட்டுரைகளில் அது நிரூபிக்கப்படுவதே இல்லை என்பதுதான் என் புகார். மூன்று மின்முனைகளை வரிசையாக வைப்பார்கள்: வெற்று மின்முனை, கிராஃபீன் மட்டும், கிராஃபீனோடு சைக்ளோடெக்ஸ்ட்ரின். மூன்றாவதில் உச்சம் உயரம். ஆகவே கிண்ணம் மருந்தைப் பிடித்தது! இந்த "ஆகவே"யில்தான் ஓட்டை இருக்கிறது. மூன்றாவது மின்முனையில் கிண்ணத்தோடு சேர்ந்து வேறு நான்கைந்து விஷயங்களும் மாறியிருக்கின்றன. அவற்றில் எதற்குச் சம்பளம் போய்ச் சேர வேண்டும் என்று பிரித்துப் பார்க்க ஒரு நாள் வேலை போதும். அந்த ஒரு நாள் வேலையைத்தான் பலரும் செய்வதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

முதலில் தாளும் பென்சிலும் போதும். பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஏழு குளூக்கோஸ் அலகுகள் கொண்ட வளையம், மூலக்கூறு எடை 1135. உட்குழியின் விட்டம் 6 முதல் 6.5 ஆங்ஸ்ட்ராம், உயரம் 7.9 ஆங்ஸ்ட்ராம், வெளிவிட்டம் சுமார் 15.4 ஆங்ஸ்ட்ராம். இதை ஒரே அடுக்காக, இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 80 பிக்கோமோல் (பிக்கோமோல் என்பது மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கிண்ணங்கள் கொள்ளும். ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாஸி கார்பன் (கண்ணாடி போன்ற கார்பன்) மின்முனையின் பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர். அதாவது நம்மிடம் இருப்பது ஆறு பிக்கோமோலுக்கும் சற்றுக் குறைவான கிண்ணங்கள்.

இவற்றில் எத்தனை நிறையும்? அதை முடிவு செய்வது பிணைப்பு மாறிலி, கிண்ணம் மருந்தை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று சொல்லும் எண். பெரும்பாலான மருந்துகளுக்கு பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினோடு இந்த மாறிலி ஒரு மோலாருக்கு 100 முதல் 10,000 வரை இருக்கும். பாராசிட்டமால் இந்த வரிசையின் அடிப்பக்கம் நிற்கும் ஆள். தாராளமாக 1000 என்றே வைத்துக்கொள்வோம். கரைசலில் மருந்தின் செறிவு 1 மைக்ரோமோலார் என்றால் மாறிலியையும் செறிவையும் பெருக்கினால் வருவது 0.001. நிறைந்த கிண்ணங்களின் பங்கு அந்தப் பெருக்கலை, அதோடு ஒன்று கூட்டிய தொகையால் வகுப்பது. இங்கே அது ஏறக்குறைய அதே 0.001தான். ஆயிரம் கிண்ணங்களில் ஒன்றில் மட்டும் ஆள் இருக்கிறார், மற்ற 999 காலி. படத்தில் வரைந்திருப்பது அந்த ஒன்றை.

அந்த ஆயிரத்தில் ஒன்று எவ்வளவு மின்சுமை தரும்? ஆறு பிக்கோமோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் என்றால் சுமார் 1.1 நானோகூலோம். இதை மற்ற இரண்டோடு ஒப்பிடுங்கள். அதே 1 மைக்ரோமோலார் கரைசலில், கிண்ணமே இல்லாத வெற்று மின்முனையில், நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் சுழற்சி வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) ஓட்டினால், கரைசலிலிருந்து பரவி வரும் மருந்து மட்டுமே சுமார் 40 நானோஆம்பியர் உச்சம் தரும். அந்த உச்சத்தின் பரப்பு சில பத்து நானோகூலோம். மின்முனைப் பரப்பை ஒட்டி அயனிகள் திரளும் இரட்டை அடுக்கை மின்னேற்றவே, 200 மில்லிவோல்ட் தூரத்துக்கு, ஏறக்குறைய 350 நானோகூலோம் செலவாகும். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, இந்த மூன்றில் கிண்ணத்தின் பங்கு அந்தப் பொரிதான்.

இந்தக் கணக்கு முடிந்த கையோடு படத்தைத் திரும்பப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். ஒற்றை அடுக்குக் கிண்ணங்கள், மிதமான பிணைப்பு, மைக்ரோமோலார் செறிவு என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் "பிடித்துச் சேர்ப்பது" என்ற விளக்கம் எண்களால் நிற்காது. உச்சம் உயர்ந்தது உண்மை. ஆனால் உயர்த்தியவர் வேறு யாரோ.

கிண்ணத்துக்குள் இருக்கும் மூலக்கூறு எலக்ட்ரானைக் கொடுக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. 1985-இல் மாட்சுவே, எவான்ஸ், ஓசா, கொபயாஷி ஆகியோர் எளிதில் எலக்ட்ரான் தரும் இரும்புச் சேர்மமான ஃபெரோசீனின் கார்பாக்சிலிக் அமிலத்தை வைத்து இதை ஆராய்ந்தார்கள். கிண்ணத்துக்குள் இருக்கும் ஃபெரோசீன் நேரடியாக எலக்ட்ரானைத் தருவதில்லை. முதலில் வெளியே வருகிறது, பிறகுதான் ஆக்ஸிஜனேற்றம். அதனால்தான் சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கரைசலில் கரைத்தால் உச்சம் உயராது, தாழும். பெரிய கூட்டுப்பொருள் மெதுவாகப் பரவுவதும் அதற்குச் சேர்ந்துகொள்ளும். கரைசலில் மின்னோட்டத்தைக் குறைக்கும் அதே பொருள் பரப்பில் ஒட்டியதும் கூட்டுகிறது என்றால், அந்தத் திருப்பத்துக்கு ஒரு விளக்கம் வேண்டும்.

அப்படியானால் உயர்த்தியது யார்?

நியாயமாகச் சொன்னால், யாரும் ஒற்றை அடுக்கோடு நிறுத்துவதில்லை. வழக்கமான செய்முறையில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கலவையிலிருந்து 5 மைக்ரோலிட்டர் எடுத்துச் சொட்டி உலர்த்துவார்கள். மின்முனையில் ஏறுவது 5 மைக்ரோகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்றால் 1 மைக்ரோகிராம், அதாவது சுமார் 0.9 நானோமோல். ஒற்றை அடுக்கைப் போல 150 மடங்கு. இப்போது ஆயிரத்தில் ஒன்று நிறைந்தாலும் 170 நானோகூலோம் வரும். பரவி வருவதை இது மிஞ்சிவிடுகிறது. ஆக, தடித்த படலத்தில், கலக்கிக்கொண்டே 120 முதல் 300 நொடி காத்திருந்து அளக்கும்போது, கிண்ணம் உண்மையிலேயே வேலை செய்ய இடமுண்டு. எல்லாக் கிண்ணங்களுக்கும் கரைசல் போய்ச் சேர வேண்டும், எல்லாம் கார்பனோடு மின்தொடர்பில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

ஆனால் அதே 5 மைக்ரோகிராமில் மீதி 4 மைக்ரோகிராம் கிராஃபீன். தாள் தாளாகப் பிரிந்த கிராஃபீனின் பரப்பு கோட்பாட்டளவில் ஒரு கிராமுக்கு 2630 சதுர மீட்டர். உலரும்போது தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது என்று வைத்தாலும் 4 சதுர சென்டிமீட்டர் கிடைக்கும். அடியில் இருக்கும் மின்முனையைப் போல ஐம்பது மடங்குக்கு மேல். மருந்துகளில் பெரும்பாலானவற்றில் தட்டையான பென்சீன் வளையம் இருக்கிறது. அது கிராஃபீன் தாளின் மேல் படுத்துக்கொள்ள யாருடைய கிண்ணமும் தேவையில்லை.

இங்கேதான் சைக்ளோடெக்ஸ்ட்ரினின் இன்னொரு வேலை, பெருமையாகப் பேசப்படாத வேலை, உள்ளே வருகிறது. அது நல்ல பரப்பி, துகள்களைத் தண்ணீரில் திரளாமல் பிரித்து வைக்கும். ஒடுக்கிய கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரில் நிற்காது, திரண்டு அடியில் உட்காரும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் சுற்றியது நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். அப்படி நிற்கும் கலவையைச் சொட்டினால் படலம் சீராக விரிகிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, பயன்படும் பரப்பு கூடுகிறது. "கிராஃபீன் மட்டும்" என்ற ஒப்பீட்டு மின்முனையிலோ கட்டி கட்டியாகப் படிந்த கிராஃபீன். இரண்டையும் பக்கத்தில் வைத்து உயர்வு முழுவதையும் கிண்ணத்தின் பிடிப்புக்கு எழுதுவது நியாயமில்லை. குறைந்தபட்சம், மருந்தில்லாத பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலில்) 50 மில்லிவோல்ட் அகலத்துக்குள் பல வேகங்களில் ஓட்டி, மின்தேக்கத்தை இரண்டு மின்முனைகளுக்கும் அளந்து, உச்சத்தை அதனால் வகுத்துக் காட்ட வேண்டும். பல நேரம் வகுத்த பிறகு வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

உச்சம் குறைந்த மின்னழுத்தத்துக்கு நகர்ந்ததைக் காட்டி "மின்வினையூக்கம்" என்று எழுதுவது இன்னொரு பழக்கம். துளைகள் நிறைந்த படலத்தில் சிறைப்பட்ட மெல்லிய கரைசல் அடுக்கு, எந்த வினையூக்கமும் இல்லாமலே உச்சத்தை நகர்த்திக் காட்டும் என்பதை ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் காம்ப்டன் குழு 2008-இல் நானோகுழாய்ப் படலங்களை வைத்து விளக்கிவிட்டது. அதற்குப் பிறகும் அந்தச் சொல் குறையவில்லை.

அடுத்து நாஃபியான், பசை போலப் பயன்படும் ஒரு பலபடி (பாலிமர்). படலம் கழன்று விழாமல் இருக்க 0.5 சதவீத நாஃபியானைக் கலப்பதோ மேலே 2 மைக்ரோலிட்டர் சொட்டுவதோ சாதாரணம். நாஃபியான் எதிர்மின்சுமை நிறைந்தது. பிஹெச் 7-இல் நேர்மின்சுமையோடு இருக்கும் டோபமைனை அது இழுக்கும், எதிர்மின்சுமை கொண்ட அஸ்கார்பேட்டையும் யூரேட்டையும் தள்ளும். "அஸ்கார்பிக் அமிலம் குறுக்கிடவில்லை, காரணம் கிண்ணத்தின் தேர்வுத்திறன்" என்று முடிக்கும் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் நாஃபியான் என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கார்பாக்சிமெத்தில் சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே தேர்வு செய்வது குழி அல்ல, விளிம்பில் இருக்கும் மின்சுமை.

எனக்கு மிகவும் சந்தேகமாக இருப்பது மின்பலபடியாக்கம், அதாவது மின்னழுத்தத்தால் மூலக்கூறுகளைப் படலமாகக் கோப்பது. பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலில் கிளாஸி கார்பனை முக்கி, கிட்டத்தட்ட 2 வோல்ட் வரை பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கினால் "பாலி பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின்" படலம் வந்துவிடும் என்பார்கள். அந்த மின்னழுத்தத்தில் கார்பனே ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. பரப்பில் கார்பாக்சில், கார்பானில் தொகுதிகள் முளைக்கின்றன. இப்படி முடுக்கப்பட்ட கார்பன், மேலே எதுவும் பூசாமலே, டோபமைன் உச்சத்தைப் பிரமாதமாக உயர்த்தும் என்பது இந்தத் துறையில் பழைய செய்தி. சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்க்காத வெறும் பஃபரில் அதே சுழற்சிகளை ஓட்டிய மின்முனையைப் பக்கத்தில் காட்டாத வரை, படலம் உருவானதா என்பதே கேள்விக்குறி.

கிண்ணத்தை அடைத்துப் பார்ப்பது

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. எளியது, மலிவானது. கிண்ணத்துக்கு மிகப் பிடித்த, ஆனால் மின்முனையில் வினை புரியாத ஒரு விருந்தாளியை உள்ளே அனுப்பிக் கதவை அடைத்துவிடுவது. அடமான்டேன் கார்பாக்சிலிக் அமிலம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். உருண்டையான அந்தக் கூடு பீட்டா வளையத்தின் குழிக்குள் சரியாகப் பொருந்தும், மாறிலி 30,000 வரிசையில். 18 மில்லிகிராமை எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லிலிட்டரில் உப்பாக மாற்றிக் கரைத்து, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரால் 100 மில்லிலிட்டருக்கு நிரப்பினால் 1 மில்லிமோலார். அமிலமாகவே தண்ணீரில் கொட்டினால் மிதக்கும், கரையாது. நிரப்பிய பிறகு பிஹெச்சை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இந்தச் செறிவில் 97 சதவீதக் கிண்ணங்கள் அடைபட்டுவிடும், மருந்துக்குக் கிடைப்பது முப்பதில் ஒரு பங்கு.

இப்போது 1 மைக்ரோமோலார் மருந்தின் உச்சத்தை, அடமான்டேன் இல்லாமலும் இருந்தும், அளந்து பாருங்கள். மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளாகக் கொடுத்து அளக்கும் வேறுபாட்டுத் துடிப்பு வோல்ட்டாமெட்ரி போதும்: துடிப்பு 50 மில்லிவோல்ட், அகலம் 50 மில்லிநொடி, படி 4 மில்லிவோல்ட். கிண்ணம்தான் பிடித்தது என்றால் உச்சம் கிராஃபீன் மட்டும் உள்ள மின்முனையின் அளவுக்கு இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் கிண்ணத்துக்கு அங்கே வேலை இல்லை. ஒரு நுணுக்கம்: அடமான்டேன் கார்பனிலும் கொஞ்சம் ஒட்டும், அதனாலும் உச்சம் இறங்கலாம். அதைப் பிரிக்க, சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்குப் பதில் வளையம் மூடாத மால்டோடெக்ஸ்ட்ரினைச் சேர்த்து அதே போல ஒரு மின்முனை செய்து, அதிலும் அடமான்டேனைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு அதே குளூக்கோஸ், அதே ஹைட்ராக்சில்கள், அதே ஈரப்பசை, இல்லாதது குழி மட்டும். மருந்தின் உடலுக்குப் பொருந்தாத அளவுள்ள, ஆறு அலகு கொண்ட ஆல்ஃபா வளையத்தை வைத்து இன்னொரு மின்முனை செய்தால் இன்னும் நல்லது. மூன்றும் ஒன்று போல உயர்த்தினால் படத்திலிருந்து கிண்ணத்தை எடுத்துவிடலாம்.

சோதனையே செய்யாமல், வெளிவந்த கட்டுரையின் அளவீட்டுக் கோட்டிலிருந்தே பாதி விடையைப் படித்துவிடவும் வழியுண்டு. பல கட்டுரைகளில் "இரண்டு நேர்கோட்டு எல்லைகள்" என்று இருக்கும். 0.1 முதல் 10 மைக்ரோமோலார் வரை செங்குத்தான ஒரு கோடு, அதற்கு மேல் 200 வரை சாய்ந்த இன்னொன்று. அது இரண்டு கோடுகள் அல்ல. நிறைவடையும் ஒரு வளைவை அளவுகோலை வைத்து இரண்டாக உடைத்திருக்கிறார்கள். இடங்கள் பாதி நிறையும் செறிவு என்பது பிணைப்பு மாறிலியின் தலைகீழ். வளைவு 10 மைக்ரோமோலார் அருகே மடங்குகிறது என்றால் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தின் மாறிலி 1,00,000 வரிசையில். அதே மருந்துக்குக் கரைசலில் அளந்த மாறிலி 1000 என்றால், கிண்ணம் மடங்க வேண்டிய இடம் 1 மில்லிமோலார். நூறு மடங்கு முன்பே மடங்கியது கார்பன் பரப்பு. இந்த ஒரு ஒப்பீட்டுக்கு ஒரு சொட்டுக் கரைசல்கூடச் செலவில்லை.

கிண்ணங்கள் அங்கே இருக்கின்றனவா என்ற அடிப்படைக் கேள்வியையும் விடக்கூடாது. பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 1.85 கிராம் கரையும். ஆல்ஃபாவும் (14.5) காமாவும் (23.2) இதைவிடப் பன்மடங்கு கரைகின்றன என்பதால் பீட்டாவை "கரையாதது" என்று நினைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் மின்முனையில் இருப்பது 1 மைக்ரோகிராம், அதற்கு எதிரே 10 மில்லிலிட்டர் பஃபர். வெறுமனே கலந்து சொட்டியிருந்தால் போய்விட எந்தத் தடையும் இல்லை. முதல் அளவீடு அழகாகவும் பத்தாவது பாதியாகவும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எபிகுளோரோஹைட்ரினாலோ சிட்ரிக் அமிலத்தாலோ குறுக்கே பிணைத்த பலபடியைப் பயன்படுத்தினால் நிற்கும். எதுவானாலும், செய்த மின்முனையை அரைமணி நேரம் கலக்கிக்கொண்டிருக்கும் பஃபரில் ஊறவைத்து, பிறகு அளவீட்டைத் தொடங்குவது நல்லது. ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசமே ஒரு தரவு.

எண்ணிப் பார்க்கவும் பழைய முறை ஒன்று உண்டு. பிஹெச் 10.5 கார்பனேட் பஃபரில் இளஞ்சிவப்பாக இருக்கும் ஃபீனால்ஃப்தலீன், பீட்டா கிண்ணத்துக்குள் போனதும் நிறமிழக்கும். மாற்றியமைத்த கிராஃபீன் தூளை அதில் கலக்கி, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை 550 நானோமீட்டரில் அளந்தால் எத்தனை கிண்ணங்கள் வாய் திறந்திருக்கின்றன என்று தெரியும். வெறும் கிராஃபீனும் ஃபீனால்ஃப்தலீனை உறிஞ்சும் என்பதால் அதையும் தனியே ஓட்டிக் கழிக்க வேண்டும். கழிக்காமல் வெளியான எண்கள் கிண்ணங்களின் எண்ணிக்கையை அதிகமாகத்தான் காட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வெற்று மின்முனை ஒழுங்காக இருக்க வேண்டும். 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினா வரிசையில், எட்டு வடிவத்தில் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் கழுவி, கடைசியில் தண்ணீரில் ஓரிரு நிமிடம் மீயொலித் தொட்டியில் வைத்து, 1 மில்லிமோலார் ஃபெரிசயனைடில் சோதிக்கவும். ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் இரண்டு உச்சங்களுக்கு இடையே 60 முதல் 80 மில்லிவோல்ட் வந்தால் சரி. 120 வந்த வெற்று மின்முனையோடு ஒப்பிட்டால் எதைப் பூசினாலும் அற்புதமாகத்தான் தெரியும்.

ரத்தத்துக்குப் போகும்போது

பாராசிட்டமாலை நானோமோலார் அளவில் கண்டறிந்தோம் என்ற பெருமைக்கு வருவோம். சிகிச்சையில் ரத்தப் பிளாஸ்மாவில் அது மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், அதாவது 66 முதல் 132 மைக்ரோமோலார். அளவுக்கு மீறி விழுங்கியவருக்கு மாற்றுமருந்து கொடுப்பதா என்று முடிவு செய்யப் பயன்படும் கோடு, விழுங்கிய நான்கு மணி நேரத்தில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம், ஏறக்குறைய 1 மில்லிமோலார். அவசரப் பிரிவு மருத்துவருக்கு வேண்டியது 1 மில்லிமோலாரில் அடைத்துக்கொள்ளாத, 800 மைக்ரோமோலாரையும் 1100 மைக்ரோமோலாரையும் தவறாமல் பிரித்துச் சொல்லும் மின்முனை. நாம் கொடுப்பதோ 5 நானோமோலாரைக் கண்டு, 200 மைக்ரோமோலாரில் மடங்கிவிடும் ஒன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். நானோமோலார் உண்மையிலேயே தேவைப்படும் மருந்து டிஜாக்சின் போன்றது, மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம். அங்கே 10,000 வரிசையிலான மாறிலி கொண்ட கிண்ணத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு லட்சம் கிண்ணங்களில் ஒன்றுதான் நிறையும். அது எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடியின்) இடம்.

"நிஜ மாதிரி" என்ற அட்டவணையும் கவனிக்க வேண்டியது. சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) பஃபரில் நூறு மடங்கு நீர்த்து, நீர்த்த பிறகு மருந்தைச் சேர்த்து, 98.7 சதவீதம் மீட்டோம் என்று எழுதுவது. நீர்த்த பின் சேர்த்த மருந்து ரத்தப் புரதமான அல்புமினோடு அதன் இயல்பான விகிதத்தில் ஒட்டுவதில்லை. டைக்ளோஃபெனாக் ரத்தத்தில் 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு பிணைந்தே இருக்கிறது. நீர்க்காத சீரத்தில் மின்முனைக்கு எட்டுவது மீதி ஒரு சதவீதம்கூட இல்லை. கிண்ணத்துக்குப் போட்டியாளர்களும் அங்கே காத்திருக்கிறார்கள்: பித்த அமிலங்கள், கொழுப்பு அமிலங்கள், பீட்டா குழிக்கு மிகவும் பிடித்த கொலஸ்ட்ரால். செல் சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை உருவ உயிரியல் ஆய்வகங்கள் பயன்படுத்துவதே மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினைத்தான். குறுக்கீட்டுப் பட்டியலில் சோடியம், பொட்டாசியம், குளூக்கோஸ், யூரியா என்று கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காதவர்களை நிறுத்திவிட்டு இவர்களை விட்டுவிடுவது தேர்வுக்குத் தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்பது போல. மருந்தை அளக்கும் முறைகளைச் சரிபார்க்க 2022-இல் வந்த ஐசிஹெச் எம்10 என்ற பன்னாட்டு வழிகாட்டி ஆறு வெவ்வேறு ஆட்களின் மாதிரிகளைக் கேட்கிறது, அடி எல்லையில் 20 சதவீதம், மற்ற இடங்களில் 15 சதவீதத்துக்குள் துல்லியம் கேட்கிறது. நானோகிராம் பெருமையைவிட அந்த ஆறு சீரங்களைப் பார்க்கத்தான் ஆசை.

மருந்துக் கரைசலை மெத்தனாலிலோ டைமெத்தில் சல்பாக்சைடிலோ செய்து அப்படியே ஊற்றுவதும் குழியின் பிடிப்பைத் தளர்த்தும், ஒரு சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வெப்பநிலையும் அப்படியே. பிணைப்பு வெப்பம் உமிழ்வது, 25 டிகிரியில் எடுத்த அளவீட்டுக் கோடு 37-இல் பொருந்தாது.

கிண்ணம் சம்பாதித்த இடங்கள்

இவ்வளவும் சொன்னதால் சைக்ளோடெக்ஸ்ட்ரினே வேண்டாம் என்று பொருளில்லை. 1995-இல் ரோஹாஸ், கெய்ஃபர் குழுவினர் தங்கத்தின் மேல் செய்த வேலையைப் பாருங்கள். குறுகிய வாயில் ஏழு தையால்கள் (கந்தகத் தொகுதிகள்), அவை தங்கத்தில் ஊன்றிக்கொள்ள அகன்ற வாய் கரைசலைப் பார்த்து நிற்கும். கிண்ணங்களுக்கு இடையே உள்ள சந்துகளை பென்டேன்தையாலால் அடைத்தார்கள். அடைக்கும்போது குழிக்குள்ளும் போய்விடாமல் இருக்க ஃபெரோசீனை முதலில் உள்ளே உட்காரவைத்தார்கள். கிண்ணத்தின் பங்கையும் சந்தின் பங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது.

1990-களில் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்க்கரும் ரீது கடாக்கியும் கொழுப்பில் கரையும் சைக்ளோடெக்ஸ்ட்ரின்களை பிவிசி சவ்வில் வைத்து, மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகெயினுக்கு மின்னழுத்த உணரிகள் செய்தார்கள். அங்கே உச்சமும் இல்லை, கிராஃபீனும் இல்லை. மருந்து எலக்ட்ரான் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. சவ்வுக்குள் எந்த அயனி நுழைகிறது என்பதை கிண்ணம் முடிவு செய்கிறது, அளப்பது அதை மட்டுமே. மின்வினை புரியாத மருந்துகளுக்கு இன்னொரு வழி, குழியில் ஃபெரோசீனையோ மெத்திலீன் நீலத்தையோ முன்பே உட்காரவைத்து, மருந்து அதை வெளியே தள்ளும்போது குறையும் உச்சத்தை அளப்பது. இதில் ஒரு பொறி: புரதம் ஒட்டி மின்முனை அழுக்கானாலும் உச்சம் குறையும். இறங்குவது ஒன்று, ஏறுவது இன்னொன்று என்று இரண்டு உச்சங்களின் விகிதத்தை எடுப்பவர்களை நம்பலாம்.

பிணைப்பு மாறிலியே குறை என்றால் அதைக் கூட்டலாம் என்பதற்கும் சான்று மருத்துவத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நியூஹவுஸில் ஆர்கனான் நிறுவனத்தில் ஆன்டன் பாம் குழு உருவாக்கிய சுகமாடெக்ஸ், எட்டு அலகு கொண்ட காமா வளையம்தான். அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் ரோகுரோனியத்தை ரத்தத்திலிருந்து பிடித்து ஒதுக்குவது அதன் வேலை. ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015 டிசம்பரிலும் அனுமதி பெற்றது. எட்டு பக்கச் சங்கிலிகளைச் சேர்த்து குழியின் ஆழத்தை 7.9-இலிருந்து 11 ஆங்ஸ்ட்ராமுக்கு நீட்டினார்கள். சங்கிலிகளின் முனையில் எட்டு கார்பாக்சிலேட்டுகள், ரோகுரோனியத்தின் நேர்மின்சுமையைப் பற்றிக்கொள்ள. மாறிலி ஒரு கோடி வரிசைக்கு ஏறியது. முதலில் போட்ட அதே கணக்கை இதற்குப் போட்டால், 1 மைக்ரோமோலாரில் நூறு கிண்ணங்களில் 91 நிறைகின்றன.

இதை மின்முனையில் ஏற்றலாமே என்று உடனே தோன்றும். கார்பாக்சில்கள்தான் இருக்கின்றனவே, அமைன் பூசிய பரப்பில் அமைடு பிணைப்பால் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது! ஆனால் பற்றிக்கொள்ளும் கையும் அதே கார்பாக்சில்தான். பிணைப்புக் காரணியை (ஒட்டவைக்கும் வினைப்பொருளை) அளவில்லாமல் ஊற்றி எட்டையும் பரப்பில் கட்டிவிட்டால் மிஞ்சுவது மின்சுமை போன ஒரு நீளக் குழாய். காரணியை வளையத்துக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் குறைத்து, ஒரு காலை மட்டும் ஊன்றி ஏழை விட்டுவைத்தால், வாய் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அடுத்த தலைவலி. சங்கிலிகள் எட்டும் ஒரே வாயில் இருப்பதால், அந்த வாய்தான் பரப்பைப் பார்த்துக் கவிழும்.